ஹந்தானையில் எண்ணிய மூன்று ஊசிகள்



சில ஆண்டுகளுக்கு முன் புவியியல் வகுப்பொன்றில், "மத்திய மலைநாட்டின் இயற்கைத் தாவரங்களுள் பைன் காடும் ஒன்று" என்று கற்பித்தேன். பேராதனையிற் கலைப்பீடத்தில் படித்த காலத்தில் ஹந்தானைச் சரிவின் பைன் மரங்களை நாள்தோறும் கண்டவன் நான். கண்ணாற் கண்டதை நூலிலும் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தவணைப் பரீட்சை முடிந்ததும் மாணவி ஒருத்தி விடைத்தாளுடன் வந்தாள். அந்த விடையின் மேல் சிவப்பு மையில் பிழைக்குறி. "சேர், நீங்கள் சொன்னதைத்தானே எழுதினனான்?" என்றாள். அவளது குரலில் கோபம் இருக்கவில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

அன்றிரவு தேடிப் படித்தேன். இலங்கைக்குச் சுதேசமான பைன் இனம் ஒன்றேனும் இல்லை. நாம் காண்பவை கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புல்நிலங்களிலும், பெரும்பாலும் 1970களிலும் 1980களிலும் நடப்பட்டவை. அவற்றுள் மிகுதியானது பைனஸ் கரிபியா. பெலீஸ், ஹொண்டுராஸ், நிக்கரகுவா முதலிய மத்திய அமெரிக்க நாடுகளும், மேற்குக் கியூபாவும், பஹாமாஸ் தீவுகளும் அதன் தாயகம். அங்கே அது பெரும்பாலும் தாழ்நிலத்து மரம்! வளங்குன்றிய மணல் மண்ணில் வளர்கிறது. இடைக்கிடை பரவும் தீ ஏனைய மரங்களை அழிக்க, முதிர்ந்த பைனைத் தடித்த பட்டை காக்கிறது. நம் மலைகளிலும் வறண்ட காலத்தில் உதிர்ந்த ஊசியிலைகள் எளிதிற் தீப்பற்றுகின்றன.

மறுநாள் வகுப்பில், "பிழை என்னுடையது" என்று கூறி, எல்லோரது கொப்பியிலும் திருத்தச் செய்தேன்.

பின்னர் சுற்றுலாவாக ஹந்தானைக்குச் சென்றபோது மாணவன் ஒருவன், "சேர், இது காரைநகர் கசூரினா கடற்கரையில நிக்கிற சவுக்குத்தானே?" என்று கேட்டான். இம்முறை நான் உடனே விடை சொல்லவில்லை. "கீழே கிடப்பதை எடுத்து எண்ணிப் பாருங்கள்" என்றேன். பெரும்பாலானவற்றில் ஒரே உறையிலிருந்து மூன்று ஊசிகள். நீளம் ஏறத்தாழ ஒரு சாண். சவுக்கில் நாம் இலை என எண்ணுவது கணுக்கள் கொண்ட மெல்லிய கிளை. இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்றுவிடும். உண்மையான இலைகள் அக்கணுக்களைச் சுற்றியுள்ள நுண்ணிய செதில்களே. சவுக்கு பூக்கும் தாவரம்; பைனோ பூவாமல் கூம்பில் வித்துத் தரும் வித்துமூடியிலி.

முதலில் எண்ணி முடித்துக் கையை உயர்த்தியவள், அன்று விடைத்தாளுடன் வந்த அதே மாணவிதான்.

நினைவிற் கொள்க:
1. ஓரிடத்தில் வளர்வதெல்லாம் அவ்விடத்தின் இயற்கைத் தாவரம் அல்ல.
2. இலங்கையின் பைன் காடுகள் நடுகைக் காடுகள். இயற்கைத் தாவரம் பற்றிய வினாவுக்கு அவற்றை எழுதாதீர்கள்.
3. ஆசிரியர் சொன்னாலும் ஒருமுறை சரிபாருங்கள். ஐயமிருப்பின் கேளுங்கள்.