கட்டுமரமும் கேட்டமரானும்

மழை விட்ட ஒரு மார்கழிக் காலையில், நம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குச் சென்றிருந்தோம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு நிலம். கோரைக்கு நடுவே நாமக்கோழிகளும் நாரைகளும். 2022-ஆம் ஆண்டு சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த ஈரநிலம், பறவைகளுக்கு ஒரு யாத்திரை ஸ்தலம். இதன் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளத்தருகே கடலைச் சேருகிறது.

1993-இல் தொடங்கப்பெற்ற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் இவ்வூரில்தான் இருக்கிறது. அதன் வாயிலைக் கண்டதும் பிள்ளைகளின் பேச்சு கப்பல்களைப் பற்றித் திரும்பியது. ஒரு சிறுவன் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் நாமே அறிவோம்.

'கேட்டமரான் என்றால் என்ன?' என்று பரீட்சையில் கேட்டிருந்தோம். 'மரங்களைக் கயிற்றால் கட்டியது' என்று அவன் எழுதியிருந்தான். 'இரண்டு உடல்களை இணைத்த படகு' என்பது புத்தகத்து விடை. சிவப்பு மையால் தவறு என்று குறித்துவிட்டோம். அவனுடைய பாட்டனார் கோவளக் கரையில் கட்டுமரம் செலுத்தியவர் என்பது பிறகே தெரிய வந்தது.

அருகில் அழைத்துக் கேட்டோம்.

"ஸார், எங்கள் தாத்தா மரத்துக்கு வயிறே கிடையாது. இரண்டு வயிறு எங்கிருந்து வரும்?" என்றான்.

வயிறு இல்லாததுதான் கட்டுமரத்தின் பெருமை! கனமற்ற மரங்களைச் செதுக்கி, அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைப்பார்கள். அலை மேலேறினாலும் நீர் இடுக்குகளில் வடிந்துவிடும். நிறைந்து மூழ்க இடமில்லை. கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள்.

டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-இல் வெளியிட்ட தம் யாத்திரை நூலில், சோழமண்டலக் கரையின் இச்சொல்லைக் குறித்து வைத்தார். பிற்காலத்தில் பசிபிக் தீவுகளின் இரட்டை ஓடங்களுக்கும் ஆங்கிலத்தில் இப்பெயர் வழங்கலாயிற்று. 1876-இல் ஹெரஷாப் என்ற அமெரிக்கர் கட்டிய இரட்டைப் பாய்ப்படகு, நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை முந்தியது. நாளடைவில் அந்தப் பொருளே உலகெங்கும் நிலைத்தது.

அவர்கள் சொல்லுக்கு 'இரண்டு' உயிர்; நம் சொல்லுக்குக் 'கட்டு' உயிர். சொல் கடல் கடந்தது. கயிறு கரையிலேயே தங்கிவிட்டது. இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரமும் அருகி வருகிறது. அதன் பொருளையாவது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

பள்ளிக்கூடம் திரும்பியதும் விடைத்தாளை விட்டு வினாவைத் திருத்தினோம்: 'கட்டுமரம், கேட்டமரான்: வேற்றுமை கூறுக.' அச்சிறுவன் முழு மதிப்பெண் பெற்றான்.