வேப்பமரத்து வண்டு

முழுப்பரீட்சை முடிந்ததும் ராசிபுரம் பக்கம் அம்மாயி ஊருக்குப் போய்விடுவேன். சித்திரை வெயிலில் காடெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஒரு சாயங்காலம் போதமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்து மழை கொட்டிவிட்டால், மண்வாசமும் கட்டுத்தறிச் சாணி வாசமும் கலந்து வீசுகிற அந்த இருட்டில், வாசல் வேப்பமரத்து உச்சியிலிருந்து கும்மென்று ஒரு ரீங்காரம் எழும். கொஞ்ச நேரத்தில் திண்ணை குண்டுபல்பில் 'டப், டப்' என்று வண்டுகள் மோதி விழ ஆரம்பித்துவிடும். "லைட்ட அமத்து கண்ணு, வட்டல்ல உளுகுது பாரு" என்று அம்மாயி சோற்றைக் கையால் மூடிக்கொள்வாள்.

பொன்வண்டுக்கு இருந்த மரியாதை இந்த வண்டுக்குக் கிடையாது. அதைத் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்ப்போம். இதை யாரும் சீந்தமாட்டார்கள். எனக்கோ இதன் மேல்தான் ஆசை. காப்பிக்கொட்டை நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளங்கையில் விட்டால் கால் முள் சுருக்கென்று குத்தும். அசையாமல் வைத்திருந்தால் தலையோரத்துக் கொம்பின் நுனி மெல்லப் பிரியும், மூன்று மடல்களும் விசிறி மாதிரி. அதைப் பார்ப்பதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விடிந்து பார்த்தால் மரத்தில் ஒன்றும் இருக்காது, இலைகள் மட்டும் ஓரமெல்லாம் கடிபட்டிருக்கும்.

காலாண்டு லீவில் போனபோது கடலைக் காட்டில் அங்கங்கே செடி வாடி நின்றது. அப்பிச்சி ஒன்றைப் பிடித்து இழுத்தார், வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கொத்தால் ஒரு சாண் கிளறினார். வெள்ளையாக, கொழுகொழுவென்று, பழுப்புத் தலையும் கருத்த பின்பக்கமுமாகச் சுருண்டு கிடந்தது வேர்ப்புழு.

"எருக்குழியில இருக்குமே, அதுங்களா அப்பிச்சி?"

"அது தென்னையத் தொளைக்கிற காண்டாமிருக வண்டோடது, இன்னும் பெருசா இருக்கும். இது வேப்பமரத்துல மேஞ்சதோட புள்ளைங்க சாமி."

என்னால் நம்பவே முடியவில்லை.

அப்பிச்சி சொன்னது சரிதான் என்று பிற்பாடு பூச்சியியல் புத்தகங்களில் படித்தேன். நம் பக்கத்தில் கடலையையும் கரும்பையும் தின்கிற வேர்ப்புழுக்களில் முக்கியமானது ஹோலோட்ரிகியா செர்ராட்டா. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஃபேப்ரிசியஸ் பெயர் வைத்துவிட்ட இனம். கோடை மழைக்கு மண்ணைவிட்டு வெளியே வந்து, வேம்பில் மேய்ந்து, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்கே திரும்பி முட்டையிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிக்கும் புழு, மூன்று பருவமாக வளர்ந்து மாதக்கணக்கில் வேரைத் தின்னும். பிறகு ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, வண்டாகவும் மாறி, அடுத்த கோடை மழை வரும்வரை அங்கேயே கிடக்கும். ஐரோப்பாவின் மே வண்டுக்கு இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு வருஷமாகும். நம்முடையது ஒரே வருஷத்தில் முடித்துவிடுகிறது. புழுக்களில் இனம் பிரிக்க, பின்நுனியின் அடியில் முடிகள் அமைந்திருக்கும் விதத்தை லென்ஸில் பார்ப்பார்கள்.

மண்ணுக்குள் போய்விட்ட புழுவைப் பிடிப்பது பெரும்பாடு. வண்டு மரத்தில் இருக்கும் அந்தச் சில ராத்திரிகள்தான் நம் கையில் இருக்கின்றன. முதல் கோடை மழை பெய்ததும் பொழுது சாய்ந்து வேப்பங்கிளைகளை உலுக்குங்கள். விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். கோடை உழவையும் ஆழமாக ஓட்டுங்கள், மேலே வருவதை மைனாவும் காக்காயும் பார்த்துக்கொள்ளும். ஒரு காட்டுக்காரர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டு வண்டு வந்துவிடும், ஊரே சேர்ந்து செய்யுங்கள்.