ரோமில் கார் எதற்கு?

"அண்ணாச்சி, ரோமுக்குப் போனா கார் வாடகைக்கு எடுக்கணுமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேண்டவே வேண்டாம்.

2022 மே 15 அன்று நம்ம நட்டாலம் தேவசகாயம் பிள்ளைக்கு வத்திக்கானில் புனிதர் பட்டம் வழங்கினார்கள் அல்லவா? அதற்காக நானும் மனைவியும் போயிருந்தோம். விழா முடிந்து மேலும் நான்கு நாள் தங்கினோம். மகன் போனில், "அப்பா, டிரைவரோட கார் ஏற்பாடு பண்ணித் தாறேன்" என்றான். நான் சம்மதிக்கவில்லை. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். எழுபது கடந்தவர்கள், அதிலும் ஒருவருக்கு முட்டுவலி, இன்னொருவர் தயவில்லாமல் ஒரு பெரிய நகரத்தைப் பார்த்துவிட முடியுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ரோமின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாத கார்கள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாது. கேமரா நம்பரைப் படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், நாகர்கோவிலானாலும் சரி.

மெட்ரோவில் ஏ, பி, சி என்று மூன்றே பாதைகள். தோண்டும் இடமெல்லாம் பழைய ரோம் தட்டுப்படுவதால் பாதை போடுவது அங்கே மெதுவாகத்தான் நடக்கும். டெர்மினி என்ற பெரிய ரயில் நிலையத்தில் ஏ-யும் பி-யும் சந்திக்கின்றன. அங்கிருந்து ஏ பாதையில் ஆறாவது நிறுத்தம் ஒத்தவியானோ. இறங்கி நடந்தால் வத்திக்கான். பி பாதையில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். புனித பவுல் பேராலயத்துக்கும் பி பாதையே போகும்.

டிக்கெட் அப்போது 1.50 யூரோ. 100 நிமிடத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம், மெட்ரோ மட்டும் ஒரு முறைதான். 24 மணி நேரச் சீட்டு அப்போது 7 யூரோவாக இருந்தது, 72 மணி நேரத்துக்கு 18. 'டி' எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடைகளில் கிடைக்கும். பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறியதும் அங்குள்ள பெட்டியில் நாமே சீட்டை முத்திரையிட வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு கையில் இருந்தும் அபராதம்தான். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் நம்பர் பஸ்ஸில் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேப்படிக்குப் பெயர் போன பஸ் அது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இத்தாலியச் சொற்கள் பாதி புரியும். ஆனால் பிரெஞ்சை அப்படியே நம்பக் கூடாது. பிரெஞ்சில் 'ஃபெர்மே' என்றால் மூடப்பட்டது. இத்தாலியில் 'ஃபெர்மாத்தா' என்றால் பஸ் நிறுத்தம். பிரெஞ்சில் 'ஃபெரியே' விடுமுறை நாள். இத்தாலியில் 'ஃபெரியாலே' வேலை நாள். பஸ் அட்டவணையில் ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் 'ஃபெஸ்திவோ' என்றிருக்கும். 'உஷீத்தா' வெளியேறும் வழி. 'ஷோப்பெரோ' என்று கண்டால் வேலைநிறுத்தம். அன்றும் காலை 8.30 வரையிலும், மாலை 5 முதல் 8 வரையிலும் வண்டிகள் ஓடுவது வழக்கம். இந்த ஐந்து சொல் போதும்.

மெட்ரோவில் படி ஏறி இறங்குவது அவளுக்குச் சிரமமாக இருந்ததால், இரண்டாம் நாளிலிருந்து பெரும்பாலும் பஸ்தான். ஒவ்வொரு நிறுத்தக் கம்பத்திலும் அந்த பஸ் போகும் இடங்கள் வரிசையாக எழுதியிருக்கும். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவாள். இறங்கி நடந்தால் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய். குடிக்கலாம், முகம் கழுவலாம், அதன் பக்கத்தில் சற்று நிற்கலாம்.

"கண்டக்டர் இல்லாம எப்படி?" என்று முதல் நாள் பயந்தவள்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டிலேயே என் பின்னால்தான் வருவாள். நான்காம் நாள், தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரைப் பார்த்து, "வாங்க, நம்ம பஸ்ஸு இதுதான்" என்று எனக்கு முன்னால் ஏறினாள்.