காடு காட்டியவர்கள்

துவக்கைத் தொட்டும் அறியாத ஒருவன், வேட்டைக்கு வழிகாட்டியைத் தெரிவது பற்றி எழுதப் புகுவது நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் எங்கள் வீட்டில் இப்பேச்சு ஒருபோதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. என் பூட்டனார், அதாவது அம்மப்பாவின் தகப்பனார், வன்னிக்கு மரை வேட்டையாட வந்த பட்டணத்துக் கனவான்களுக்குக் காடு காட்டியவர். இடது கையை அத்தொழிலுக்கே கொடுத்தவர்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே வேட்டைக்காரர் எழுதிய நூல்களை நான் வாசித்தேன். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக்கினார். எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய பெருநூல் 1859இல் வெளிவந்தது. டெனன்ட் தரும் கணக்கொன்று என்னை நெடுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவிடவில்லை. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளிலும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டனவாம். கொன்ற ஒவ்வொரு யானைக்கும் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. அதே டெனன்ட், பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம் யானை பிடிகாரரை வியந்து எழுதுகிறார். இருவர் மட்டும், துணைக்கு ஆளில்லாமல், மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ திரித்த கயிற்றோடு சென்று, பெரியதொரு காட்டு யானையின் பின்னங்காலிற் சுருக்கிட்டு விடுவராம். காட்டை அறிந்தவர் கையில் கயிறும், அறியாதவர் கையில் துவக்கும் இருந்த காலம் அது.

1937இல் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பின்னும் சில காலம் அனுமதிப்பத்திரம் பெற்று மரையும் மானும் சுட முடிந்தது. என் பூட்டனார் தொழில் செய்தது அக்காலத்தில்தான்.

கனவான்கள் வழிகாட்டியைத் தெரிந்த முறையை அம்மப்பா நடித்தே காட்டுவார். விதானையார் வீட்டு முற்றத்தில் நாலைந்து பேரை வரிசையாக நிறுத்துவார்கள். "கொம்புள்ள மரை காட்டுவியோ?" என்று கேட்பார்கள். "ஓம் ஐயா, இரண்டு காட்டுவன்" என்பவனுக்கே வேலை. பூட்டனார் அவ்வாறு சொல்லாதவர். அதனால் பெரும்பாலும் கடைசியாகவே தெரியப்பட்டார். மற்றவர்களோடு போய் வெறுங்கையுடன் திரும்பியவர்களே அவரைத் தேடி வந்தனர்.

அப்படி வந்த ஒருவரோடுதான் அந்த மாலை அமைந்தது. பொழுது பட்டபின் சுடுவதில்லை என்பது பூட்டனாரின் கட்டளை. வந்தவர் தலையசைத்து ஒப்புக்கொண்டார். பின்னர், வீரை மரத்தடியில் கறுப்பாக ஏதோ அசையக் கண்டு, பன்றி என எண்ணிச் சுட்டுவிட்டார். அது கரடி. காயத்தோடு பற்றைக்குள் புகுந்துவிட்டது. காயம்பட்ட கரடியை அப்படியே விட்டுச் சென்றால் மறுநாட் காலையில் அவ்வழியே விறகுக்கு வரும் பெண்களின் கதி என்ன? பூட்டனார் இடியன் துவக்கோடு பற்றைக்குள் நுழைந்தார். பன்னிரண்டு வயது அம்மப்பா பின்னால் லாம்பு பிடித்து நின்றார். கரடி செத்தது, கையும் போயிற்று. அந்தக் கனவான் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். பேசிய கூலியில் பாதியைக் கொடுத்து, மீதியை அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அது இன்றுவரை வந்து சேரவில்லை.

"அவர் அப்புவைத் தெரிஞ்சார். அப்பு அவரைத் தெரிஞ்சு பாக்கேல்லை" என்று அம்மப்பா சொல்வதுண்டு.

சென்ற ஆண்டு எனக்கும் ஒரு வழிகாட்டி வேண்டியதாயிற்று. எனது ஆய்வுக் கட்டுரைக்காக முல்லைத்தீவுக் காட்டினுள் தூர்ந்து கிடக்கும் குளமொன்றையும், அதன் கட்டில் சாய்ந்து நிற்பதாகச் சொல்லப்பட்ட கற்றூணையும் பார்க்க விரும்பினோம். நாங்கள் நால்வர். உரிய அனுமதி பெறவே இரண்டு மாதம் சென்றது. அம்மப்பாவைக் கூட்டிச் செல்வதே என் எண்ணம். அவர் மறுத்துவிட்டார். "நான் அறிஞ்ச காடு தொண்ணூறோட முடிஞ்சுது மோனை. இப்ப இருக்கிறது வேறை காடு" என்றார். பிறகு, "வாறவனிட்டை என்ன காட்டுவாய் எண்டு கேக்காதை. எவ்வளவு தூரம் தெரியும் எண்டு கேள்" என்றார்.

இருவர் கிடைத்தனர். ஒருவன் எங்கள் வயதினன். மோட்டார்சைக்கிளும், வரைபடம் காட்டும் கைத்தொலைபேசியும் உடையவன். தூண் நிற்கும் இடத்தைத் திரையில் தொட்டே காட்டினான். மற்றவர் தேன் எடுப்பவர், ஐம்பது வயதிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று எங்களையே விசாரித்தார். நண்பர் மூவரும் இளைஞனின் பக்கம். நான் பிடிவாதமாக நின்று தேன்காரரைத் தெரிந்தேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பாலை பழுக்கும் காலமாகையால் கரடி வரும் என்று பெரிதும் சுற்றியே நடத்திச் சென்றார். பத்து மணியளவில் ஒரு வரண்ட ஓடைக்கரையில் நின்றார். அப்பால் மரங்களினூடே குளக்கட்டு மண்மேடாகத் தெரிந்தது. கால் மைல் இருக்கலாம்.

"தம்பியவை, இதுக்கு அங்காலை நான் நடக்கேல்லை" என்றார்.

கண்ணிவெடி அகற்றும் பணி 2009இன் பின் எத்தனையோ இடங்களில் நடந்துள்ளது. இவ்விடத்தில் எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. அதைச் சொல்லி வாதிட்டோம். "பலகை இல்லாததாலை இல்லை எண்டு சொல்லேலாது. என்ர கால் பட்ட இடம்தான் எனக்குத் தெரியும்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. திரும்பினோம். வழியெல்லாம் எவரும் என்னோடு பேசவில்லை. காட்டாத தூணுக்கு முழுக்கூலி எதற்கு என்று நண்பன் கேட்க, பாதியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். அவர் எண்ணிப் பார்க்காமலே மடியில் கட்டிக்கொண்டார்.

மூன்று கிழமைகளின் பின் அந்த இளைஞன் வேறொரு குழுவை அழைத்துச் சென்று, தூணருகே நின்று படமெடுத்து, நலமாகவே திரும்பி வந்தான். அவர்கள் தந்த படந்தான் என் கட்டுரையின் பின்னிணைப்பில் இருக்கிறது. நண்பர்கள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகின்றனர். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

வீடு சென்று நடந்ததையெல்லாம் அம்மப்பாவிடம் விவரித்தேன். ஓடையைப் பற்றியோ தூணைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

"பேசின காசைக் குடுத்தனியோ?"

நான் பேசாது நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் புறப்பட்டேன். அவர் தேனுக்குப் போயிருந்தார். மீதிக் காசை அவருடைய மனைவியிடம் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். காடு காட்டியதற்கு என்றேன்.