கழுதைத் தாடையும் கச்சேரி மேடை ஏறியது

கியூபா என்றதும் சர்க்கரையும் சுருட்டும்தானே நம் ஞாபகத்துக்கு வரும்? என் கணவருடைய வேலை நிமித்தம் ஹவானாவில் பன்னிரண்டு நாள் தங்க நேர்ந்தது. அவர் காலையில் கிளம்பிப் போனால் மாலைதான் வருவார். ஓட்டல் அறையில் எத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? பழைய ஊர்ப் பக்கம் நடையாய் நடந்து தீர்த்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் புனித பிரான்சிஸ் பெயரில் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. இப்போது அது கச்சேரி மண்டபம். ஒரு மாலை இருவருமாகப் போனோம். 'சேம்பர் மியூசிக்' என்றார்கள். பெரிய வாத்தியக் கோஷ்டி கிடையாது. நாலைந்து பேர் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு வாசிப்பது. ஐரோப்பாவில் பிரபுக்கள் வீட்டுக் கூடங்களில் வளர்ந்த சங்கீதம்.

அன்று வாசித்தது அமதேயோ ரோல்தான் என்பவர் 1930-ல் எழுதிய 'ரித்மிகாஸ்'. முதல் நான்கும் குழல் வகை வாத்தியங்களும் பியானோவும். ஐந்தாவதும் ஆறாவதும்தான் விசேஷம். குழலும் இல்லை, பியானோவும் இல்லை, எல்லாமே தட்டுகிற, உரசுகிற, குலுக்குகிற சாமான்கள்! போங்கோ, மாட்டுமணி, விதை போட்ட கிலுகிலுப்பை, கோடு கீறிய சுரைக்குடுக்கை. கழுதையின் தாடை எலும்புகூட உண்டு, நம்புவீர்களா? நன்றாகக் காய்ந்த எலும்பில் பல்லெல்லாம் லொடலொடவென்று ஆடும். கையால் ஒரு அடி அடித்தால் கடகடவென்று அதிரும். மேற்கத்திய மேடைக்கென்று தாள வாத்தியங்களுக்கு மட்டுமே எழுதிய மிகப் பழைய உருப்படிகளில் இவையும் சேர்த்தி.

இந்தச் சாமான்களெல்லாம் மேடை ஏறியது லேசில் நடந்ததில்லை. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான ஜனங்களைப் பிடித்து வந்தார்கள். அடிமைமுறை ஒழிந்ததே 1886-ல்தான். அதற்கப்புறமும் அவர்கள் முரசு கேட்டால் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். போலீஸ் வந்து முரசுகளைப் பறித்துப் போனதும் உண்டு. ரோல்தானின் தாயார் ஆப்பிரிக்க வம்சம் கலந்த கியூபப் பெண்மணி, பியானோ வாசிப்பவர். பிள்ளைக்குச் சங்கீதம் அவரிடமிருந்துதான் வந்தது.

அந்தத் தாளம் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'தகிட தகிட தக' என்று தொடையில் தட்டிப் பாருங்கள், அதேதான்! பாதா என்ற முரசு மூன்றாக வரும். மிருதங்கம் போல மடியில் கிடத்தி இரண்டு பக்கமும் தட்டுவார்கள். பெரிய முரசுக்குப் பெயர் 'இயா', அதாவது அம்மா. அம்மா பேச்சைத் தொடங்க, நடு முரசு பதில் சொல்லும், சின்னது விடாமல் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். நம் வீட்டு நடப்பு மாதிரியே இல்லை?

ரோல்தானின் கூட்டாளி அலெஹாந்த்ரோ கார்சியா கதூர்லா பிறந்த ரெமேதியோஸ் ஊருக்கும் ஒருநாள் போய் வந்தோம். ஹவானாவிலிருந்து கிழக்கே, நீண்ட பிரயாணம். அவர் வீடு இப்போது மியூசியம். வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை, தொழிலோ நீதிபதி. மனுவேலா என்ற கறுப்பினப் பெண்ணோடு குடும்பம் நடத்திப் பிள்ளைகளும் பெற்றார். அந்தக் காலத்தில், அந்தச் சின்ன ஊரில்! ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா? கேட்டு வளர்ந்த முரசுத் தாளங்களை அவரும் குழல்களுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். 1931-ல் எழுதிய 'முதல் கியூப சூட்' அப்படிப்பட்டதுதான். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதர்களை வாசலில் நிறுத்தியவர் இல்லை என்பதால் இவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

1939-ல் ரோல்தான் நோயில் போய்விட்டார், வயது 38. மறு வருஷம் நவம்பரில், தீர்ப்புக்குக் காத்திருந்த ஒரு குற்றவாளி ரெமேதியோஸ் தெருவிலேயே கதூர்லாவைச் சுட்டுக் கொன்றான். அவருக்கு 34தான். எதிரே சதுக்கத்தில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. எனக்கு வெகுநேரம் பேச்சே வரவில்லை.

ஹவானா கடைத்தெருவில் 'கிளாவே' ஒரு ஜோடி வாங்கி வந்திருக்கிறேன். கட்டை விரல் பருமனில் இரண்டு உருட்டுக் கட்டை, அவ்வளவுதான். ஒன்றை உள்ளங்கைக் குழியில் தளர்வாக வைத்து மற்றதால் தட்டினால் கணீரென்று கேட்கும். "கோலாட்டக் குச்சி ஏம்மா இவ்வளவு குட்டையா இருக்கு?" என்கிறாள் என் பெண்.