வைகறையில் சாந்தோம் சாலை

பிரான்சு நாட்டின் கிராமப்புறச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவதற்கென்றே உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் ஆண்டுதோறும் செல்கின்றனர். லுவார் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோ மீட்டர் தூரத்துக்கு மிதிவண்டித் தடம் அமைத்திருக்கிறார்கள். பெருஞ்சாலையை விட்டு விலகி, திராட்சைத் தோட்டங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே போகும் சிறு சாலைகளில் மோட்டார் வாகனங்களின் நடமாட்டம் மிகக் குறைவு. மிதிவண்டியை முந்திச் செல்லும் கார், ஊருக்குள் 1 மீட்டரும் ஊருக்கு வெளியே 1.5 மீட்டரும் இடைவெளி விட்டே செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

"நமக்கு ஏது அப்படியொரு சாலை?" என்று நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், என் மகள் சைக்கிள் கேட்கும் வரை.

அவளுக்கு வயது பதின்மூன்று. பள்ளி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோ மீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு மாதந்தோறும் கொடுக்கும் பணத்தைச் சேர்த்தால் சில மாதங்களில் ஒரு சைக்கிள் வாங்கிவிடலாம் என்று தாளில் கணக்கெழுதி என் முன் நீட்டினாள். கணக்கில் பிழையில்லை. ஆனால், "வயசுக்கு வந்த பிள்ளையை ரோட்டுல சைக்கிள் ஓட்டச் சொல்றியாப்பா?" என்று என் தாயார் கேட்டார். அவருடைய அச்சத்தில் பாதி ஊர்வாயைப் பற்றியது; மறுபாதி பேருந்துச் சக்கரத்தைப் பற்றியது. முதற்பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாம் பாதிக்கு இல்லை. சைக்கிளை வாங்கிவிட்டு, அதை ஓட்டிப் பழக ஓர் அமைதியான சாலையைத் தேடத் தொடங்கினேன். அந்தச் சாலை எங்கள் பகுதியிலேயே இருந்தது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இருந்தது.

வாசகர்களே, நீங்களும் ஒரு நாள் எங்களுடன் வாருங்கள்.

சுபுஹுத் தொழுகை முடிந்து, மயிலாப்பூர் கச்சேரி சாலை ஜும்ஆப் பள்ளிவாசலின் முன்னிருந்து புறப்படுவோம். பகலில் இந்தச் சாலையில் நடப்பதே கடினம். இந்த நேரத்திலோ பால் வண்டியும் செய்தித்தாள் போடும் இளைஞர்களுமே நமக்குத் துணை. கிழக்கே திரும்புமுன் மேற்கே சற்றுப் பாருங்கள். அந்தப் பக்கம், திருமயிலை இரயில் நிலையத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதி இது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் இதில் வந்தன. 1997இல் பறக்கும் இரயில் மயிலாப்பூர் வரை வந்தபோது, அதன் தூண்கள் கால்வாயின் நீரிலேயே ஊன்றப்பட்டிருந்தன. இரயில் வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் அதில் பயணம் செய்பவன்தான்.

பிரான்சின் தென்பகுதியில் மிதிக் கால்வாய் என்று ஒன்று உண்டு. 1666இல் தொடங்கி 1681இல் முடித்தார்கள். நீளம் ஏறக்குறைய 240 கிலோ மீட்டர். படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற அதன் கரைப்பாதையில்தான் இன்று குடும்பம் குடும்பமாக மிதிவண்டிகள் செல்கின்றன. அவர்களும் கால்வாய் வெட்டினார்கள், நாமும் வெட்டினோம். அவர்கள் கரையைக் காப்பாற்றிக் கொண்டார்கள். அந்த எண்ணம் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

கிழக்கே மிதிப்போம். கச்சேரி சாலை முடியுமிடத்தில் சாந்தோம் நெடுஞ்சாலை குறுக்கிடும். அருகிலேயே வெண்ணிறக் கோபுரத்துடன் சாந்தோம் தேவாலயம். இப்போதுள்ள கட்டடம் 1896இல் எழுப்பப்பட்டது. ஊரோ அதைவிடப் பன்மடங்கு பழையது. போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்தனர். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. பத்தாண்டு கழித்து, 1672இல், தெ லா ஹே என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சாந்தோமைப் பிடித்தது. ஆம், நாம் நிற்கும் இந்த இடம் இரண்டாண்டுக் காலம் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது! அங்கே அவர்கள் நாட்டில் மிதிக் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தாம் அவை. கோல்கொண்டாப் படை நிலத்திலும் டச்சுக் கப்பல்கள் கடலிலும் முற்றுகையிட, 1674இல் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர். சாந்தோமை இழந்தவர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். அந்தக் கோட்டையின் மதில்கள் இன்று இல்லை. காரில் போகிறவருக்குச் சாந்தோம் ஒரு போக்குவரத்து நெரிசல். மிதிவண்டியில் போகிறவருக்கே இதையெல்லாம் நின்று எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

வடக்கே சிறிது தூரம் சென்றால் கலங்கரை விளக்கம். அங்கிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகப் பட்டினப்பாக்கம் வரை போகும் லூப் சாலைதான் நம் பயணத்தின் உயிர்நாடி. இடப்புறம் கடல், அதன் மேல் செந்நிறமாய் எழும் சூரியன், வலப்புறம் மீனவர் குடியிருப்புகள். என் மகள் முதன்முதலாக என் கை பிடிக்காமல் நூறு கெஜம் ஓட்டியது இங்கேதான். திரும்பிப் பார்த்து, "அத்தா, விட்டுட்டீங்களா?" என்று கத்தினாள். விட்டு வெகுநேரமாகியிருந்தது.

ஒன்றை மறவாதீர்கள். அந்தக் கரை மீனவர்களின் வாழிடம். படகு கரையேறும் வேளையில், வலை உலரும் இடத்தில், சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதே மரியாதை. 2023இல் இந்தச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது அம்மக்கள் போராடினார்கள். 2024இல் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. விரைந்து செல்லும் வாகனங்களுக்காகச் சாலையை அகலப்படுத்த எண்ணுவோர், அதன் ஓரத்தில் வாழ்வோரையும் நடப்போரையும் நினைவில் கொள்ள வேண்டும். மிதிவண்டி ஓட்டும் பிள்ளையும் அந்த ஓரத்து மனிதர்களில் ஒருத்திதான்.

பட்டினப்பாக்கத்தைக் கடந்து சீனிவாசபுரத்தின் முனைக்கு வந்தால் அடையாற்றின் முகத்துவாரம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய குடியிருப்பு இது. இன்னொரு நினைவும் இந்த ஆற்றுக்கு உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தனர். ஊரைத் தம்மிடம் ஒப்படைப்பதாகத் தந்த வாக்கு நிறைவேறாததால், ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் தம் மகன் மஹ்பூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். திருவல்லிக்கேணியின் பெரிய பள்ளிவாசலால் நாம் இன்றும் நினைவுகூரும் வாலாஜா முஹம்மது அலியின் தமையனார் இவர். பாரடி என்ற தளபதியின் கீழ் ஏறக்குறைய ஆயிரம் பேரே கொண்ட பிரெஞ்சுப் படை, அடையாற்றில் இறங்கிக் கடந்து, ஒழுங்குடன் சுட்டுக்கொண்டே முன்னேறியது. பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் நவாபின் படை சாந்தோமுக்குள் பின்வாங்கியது; அங்கும் நிலைக்க முடியவில்லை. எண்ணிக்கையை விடப் பயிற்சி பெரிது என்ற பாடத்தை இந்த ஆறு கற்பித்தது. அந்தப் பாடத்தை ஐரோப்பியர் நன்கு பயன்படுத்திக்கொண்டதன் விளைவை நாடு நெடுங்காலம் அனுபவித்தது.

ஆற்றின் குறுக்கே ஓர் உடைந்த பாலத்தின் மிச்சத்தைக் காண்பீர்கள். கரையோர மக்கள் பெசன்ட் நகர்ப் பக்கம் போய்வர 1967இல் கட்டியது, 1977இல் இடிந்தது. அது இருந்திருந்தால் சில நிமிடங்களில் அக்கரையில் இருப்போம். இப்போது திரு.வி.க. பாலம் வழியே பேரிரைச்சலுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே நாம் இங்கேயே திரும்புவோம். ஏழு மணிக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். அதன்பின் இந்தச் சாலை நமக்குரியதாக இராது.

புறப்பட விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். இருக்கையில் அமர்ந்தால் பிள்ளையின் முன்பாதம் தரையைத் தொட வேண்டும். வளர்ந்தபின் உதவும் என்று பெரிய சைக்கிளை வாங்காதீர்கள். தலைக்கவசமும் பின்புறச் சிவப்பு விளக்கும் அவசியம். சங்கிலிக்கு முழு மூடியும் பின்சக்கரத்துக்கு ஆடைக்காப்பு வலையும் பொருத்தினால், புர்காவோ துப்பட்டாவோ சிக்கும் அபாயம் நீங்கும். கடற்காற்றின் உப்பு சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். மெட்ரோ பணிகளுக்காக வழிகள் மாற்றப்படலாம். ஒருவழிப் பலகைகளைக் கவனித்துச் செல்லுங்கள்.

"பெண்பிள்ளைக்கு இது தேவையா?" என்று கேட்போர் புதுக்கோட்டையை நினைவுகூர வேண்டும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கிராமப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணை நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள்; முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும் விளைபொருளை விற்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும், ஓர் ஆணின் வரவுக்குக் காத்திராமல் அவர்களால் போக முடிந்தது. இன்று பதினொன்றாம் வகுப்பு மாணவியருக்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. வண்டி வந்துவிட்டது, அதை அஞ்சாமல் ஓட்டச் சாலையும், சரியென்று சொல்லும் வீடும்தான் இன்னும் வர வேண்டியவை.

ஒரு நாள் நாங்கள் திரும்பியபோது என் தாயார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதுவரை போனோம் என்று பேத்தியிடம் கேட்டார். உடைந்த பாலம் வரை என்றாள் அவள். தாயாரின் முகம் மாறியது.

"அந்தப் பாலத்துல நான் நடந்திருக்கேன்டி. அப்ப அது முழுசா இருந்துச்சு. உங்க தாத்தாவோட போனேன். நடுவுல நின்னா காத்து அப்படியே தூக்கும்."

மறுவாரம் மகள் தனியாகவே பள்ளிக்குச் சைக்கிளில் போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரை என் தாயார் சன்னலருகே நின்றார். தடுக்கவில்லை. "பார்த்துப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.