வயல்வழியும் மலைவழியும்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே பிறந்து வளர்ந்தவர்க்கு மலை என்பது வானத்தின் விளிம்பிலே தோன்றும் நீலக் கோடேயன்றி வேறில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். நாற்பதைக் கடந்த கல்லூரி ஆசிரியனாகிய யான், சில ஆண்டுகளாக விடியற்பொழுதில் படுவான்கரை வயல்வழிகளில் ஓடிவருகிறேன். ஒருநாள் உடன் ஓடிய மாணவன், "சேர், வழியே இல்லாத இடத்தில ஓடுவமா?" என்று கேட்டான்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிநாட்டில் இத்தகைய மலையோட்டம் பெருவழக்கு. அங்கே வகுத்த பாதை இல்லை. குன்றின் உச்சியே குறி. வழியை ஓடுபவரே தேர்ந்துகொள்ள வேண்டும். 1932 ஆம் ஆண்டு, கெசிக் நகரிலே விருந்தினர் விடுதி நடத்திய பொப் கிரகாம் என்பார், 42 குன்றுகளை 24 மணித்தியாலத்துக்குள் ஏறியிறங்கி முடித்தார். நமக்கோ ஒரு குன்றே போதும் என்றெண்ணி, கிரானுக்கு மேற்கேயுள்ள குடும்பிமலைக்குச் சென்றோம். முடிந்த குடுமிபோல் நிற்பதால் அப்பெயர் வந்தது என்பர்.

பாதை முடிந்த இடத்தில் என் கால்கள் தாமே நின்றுவிட்டன. காரணம் களைப்பன்று. யான் மாணவனாயிருந்த காலத்தில், "பாதையை விட்டு ஓர் அடியும் விலகாதே" என்பது தாய்மார் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஓதிய மந்திரம். மண்ணுக்கடியில் மிதிவெடி இருந்த காலம் அது. 2007 ஆம் ஆண்டு இம்மலைப்புறத்திலும் கடும்போர் நிகழ்ந்தது. 2017 ஆம் ஆண்டிலேதான் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அபாயம் நீங்கியதென அறிவிக்கப்பட்டது. அறிவு அதனை ஏற்றது, கால்கள் ஏற்கவில்லை.

எமக்கு வழிகாட்டியாக வந்த முதிய பட்டிக்காரர் என் நிலையை உணர்ந்தார். "மாடு மேயிற இடந்தான் தம்பி, எனக்குப் பின்னால வாங்க, மறுகா பயமில்ல" என்றார். அவர் அடிச்சுவட்டில் அடிவைத்தேன்.

ஏற்றத்தில் ஓடுவது வீண் முயற்சி என்பதை விரைவில் கற்றோம். தொடைமேல் கையூன்றிக் குறுகிய அடிகளாய் நடப்பதே மலையோட்டத்தாரும் கைக்கொள்ளும் முறை, அதில் இழிவில்லை. இறக்கமே உண்மையான சோதனை. அப்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குவதால், மறுநாள் வலி மிகும். பின்னே சாய்ந்தால் பாறையில் கால் வழுக்கும். நான்கைந்து அடி முன்னே பார்த்து, இலேசாக அடிவைக்க வேண்டும். புதிதாய்ப் பழகுவோர் சிறு குன்றிலிருந்து தொடங்குவது நன்று. யானை நடமாடும் காலை, மாலை வேளைகளைத் தவிர்ப்பதும், ஊரறிந்தவர் துணையின்றிச் செல்லாமையும் நம் நாட்டுக்கேற்ற விதிகள்.

நாங்கள் உச்சியை அடையவில்லை. வெயில் ஏறவே, பாறைச்சரிவின் பாதியில் திரும்பினோம். அங்கிருந்து நோக்கியபோது, கிழக்கே பசுங்காடு பரந்து கிடந்தது. யான் பட்டிக்காரரின் சுவட்டைத் தேடித்தேடி இறங்கிக்கொண்டிருந்தேன். போர் முடிந்தபின் பிறந்த என் மாணவரோ, புல்லிலும் புதரிலும் மனம்போனபடி கூவிக்கொண்டு ஓடினர். "பாதையை விட்டு விலகாதீர்கள்!" என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்தது. சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.